ஸ்ரீ சத்தியமூர்த்தியும் கேள்வி நேரமும்

வோட்டினால் வீழ்த்த முடியாத ஓர் அரசாங்கத்தைக் கேள்வியினால் திணற வைத்தவர் ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி. அவருடைய மேடைப் பிரசங்கத்தைப் பற்றியும், நாடகப் பற்றைப் பற்றியும், ஸ்ரீ காமராஜரை அரசியலில் கை தூக்கிவிட்டதைப் பற்றியும் பலர் பல முறை எழுதியிருக்கின்றனர். அவை யாவும் உண்மையே. எனினும், சட்டசபையின் முதல் ஒரு மணி நேரத்தில் அவர் செய்த வேலைதான் தேசத்திற்கு நீடித்துப் பயன்பட்டது என்பது நமது கருத்து. பிரசங்கம் காற்றோடு போயிற்று. கேள்வியும் பதிலும் அச்சில் நிற்கின்றன.

அவர் பிறந்தது 1887-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி, புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்னும் மூன்று தாலுகாக்களே அந்தச் சமஸ்தானம். அன்னவாசலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் குளத்தூர் தாலுகாவில் இருந்தன. சுற்றிலும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள். நடுவில் தொண்டைமான் ராஜ்யம். தகப்பனார் வக்கீல் தொழில் புரிந்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். குடும்பப் பாரம் இளமையிலேயே தோளில் ஏறிற்று. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார்.

அவர் பதினைந்து வயதுப் பிள்ளையாக இருந்த 1902-ஆம் வருஷத்தில் புதுக்கோட்டையில் பிரஜாப் பிரதிநிதி சபை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடுவர், குறைகளைச் சொல்லுவர், திவான் கேட்டுக்கொள்ளுவார். சட்டம் செய்யும் அதிகாரமோ, வரவு செலவைத் தடுக்கும் அதிகாரமோ அதற்கு இல்லை. 1924-இல்தான் சட்டசபை என்ற பெயரில் ஒன்று வந்தது. அரசாங்கம் என்பது தூரத்திலுள்ள ஒரு கச்சேரி, அங்கே நடப்பது நமக்குத் தெரிய நியாயமில்லை என்ற மனப்பான்மையிலேயே அன்று சமஸ்தானப் பிரஜைகள் வளர்ந்தார்கள்.

ஆனால் அந்த மண்ணுக்கு இது பழைய பழக்கமன்று. அன்னவாசலுக்கு அருகேயுள்ள சித்தன்னவாசல் குகைக் கோயிலில், அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் யார், எந்தப் பாண்டியன் காலத்தில் என்ன செய்தார் என்பது ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாறையில் வெட்டப்பட்டது. குடுமியான்மலைக் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட சாசனங்கள் உண்டு. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, எந்த நிபந்தனையின்பேரில் தர்மம் ஏற்பட்டது என்பதெல்லாம் வருவோர் போவோர் கண்ணில் படும்படி சுவரில் இருக்கும். உத்தரமேரூர்ச் சபையின் தேர்தல் விதிகளும் அவ்வாறே கல்லில் நின்றன. பொதுக் காரியத்தைப் பொதுவிடத்தில் எழுதி வைப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை என்று சொல்லுவோர் ஒரு முறை குடுமியான்மலைக்குப் போய் வரலாம்.

மேனாட்டிலும் இந்த உரிமை எளிதில் வந்துவிடவில்லை. காமன்ஸ் சபையின் விவாதங்களை அச்சிட்ட குற்றத்திற்காக 1771-இல் லண்டன் அச்சுக்காரர்களைப் பிடிக்க உத்தரவு பிறந்தது. அவர்களைக் காப்பாற்றிய லண்டன் மேயரே டவர் சிறைக்குப் போக நேர்ந்தது. அதற்குப் பின்னரே பத்திரிகைகள் விவாதங்களை வெளியிடுவதைச் சபை தடுக்காமல் விட்டது. ஸ்ரீ சத்தியமூர்த்தி 1919-இல், முப்பத்திரண்டு வயதில், மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தைப் பற்றிக் காங்கிரஸின் அபிப்பிராயத்தைப் பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டியின் முன் எடுத்துரைக்கச் சென்ற தூதுக் குழுவில் ஒருவராக லண்டன் போனார். 1925-இலும் ஒரு முறை சென்றார். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் நடைமுறையை அவர் நெட்டுருப் போட்டவர்போல் அறிந்திருந்தார். அந்நடைமுறையையே ஆயுதமாக்கி, அதைப் பெற்றவர்கள்மேலேயே திருப்பினார்.

இந்தியாவில் கேள்வி கேட்கும் உரிமை வந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், 1854 முதல், கல்கத்தாச் சட்டசபை கதவைத் திறந்துவைத்து விவாதம் நடத்தியது, நடவடிக்கைகள் அச்சாயின. அது சர்க்காரின் கடிதப் போக்குவரத்தையே கேட்கத் துணிந்ததும், சீமையிலுள்ள மந்திரிகளுக்குப் பொறுக்கவில்லை. 1861-ஆம் வருஷத்துச் சட்டம் அதன் வாயை அடைத்தது: மசோதாவைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசக் கூடாது. முப்பத்தொரு வருஷம் இப்படியே கழிந்தது. ஆரம்ப காலக் காங்கிரஸ் மகாசபைகள் இடைவிடாமல் கேட்டதன் பலனாக 1892-இல் கேள்வி கேட்க அனுமதி வந்தது. ஆனால் கேட்டவர் பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்; அதன்மேல் பேச்சுக்கு இடமில்லை. 1909-இல் கேள்வி கேட்டவர் மட்டும் உபகேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தின் கீழ்தான் எந்த அங்கத்தினரும் உபகேள்வி கேட்கும் உரிமை பெற்றார்.

உபகேள்வி என்பது சின்ன விஷயம்போல் தோன்றும். அதன் வலிமையை உணர்ந்தவர் சிலரே. முதல் கேள்விக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆகையால் அதற்குரிய பதிலைக் காரியாலயத்துக் குமாஸ்தா எழுதி, காரியதரிசி திருத்தி, நிர்வாக அங்கத்தினர் வாசிப்பார். அதில் உண்மை எவ்வளவு, மழுப்பல் எவ்வளவு என்று தெரியாது. உபகேள்விக்கு எழுதிய பதில் கிடையாது. நிர்வாக அங்கத்தினர் தம் சொந்த அறிவைக் கொண்டே பதிலளிக்க வேண்டும். விஷயம் தெரிந்தால் சொல்லிவிடுவார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். மறைக்க வேண்டியிருந்தால், பொதுநலனை முன்னிட்டு வெளியிட இயலாது என்பார். மூன்றும் சர்க்கார் அச்சுக்கூடத்திலேயே, சர்க்கார் செலவிலேயே, சபை நடவடிக்கைத் தொகுதியில் ஏறும். மறுக்கப்பட்டது என்பதே ஒரு செய்தியல்லவா?

ஸ்ரீ சத்தியமூர்த்தி சி. ஆர். தாஸும் பண்டித மோதிலால் நேருவும் தொடங்கிய சுயராஜ்யக் கட்சியைச் சேர்ந்தவராக 1923-ஆம் வருஷத் தேர்தலில் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்து, 1930 வரையில் அங்கே இருந்தார். சட்டசபைப் பிரவேசத்தை வீண் வேலை என்று இகழ்ந்தவர்கள் காங்கிரஸிலேயே நிரம்ப இருந்தனர். அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. சபை நிராகரித்ததைக் கவர்னர் மீட்டுக்கொள்ளலாம் என்றிருக்கும்போது வோட்டு எதற்கு? ஆனால் கவர்னரின் விசேஷ அதிகாரத்திற்கும் எட்டாத இடம் ஒன்று உண்டு. ஒரு தடவை வாயைவிட்டு வந்த பதிலை எந்தக் கவர்னராலும் திரும்ப வாங்க முடியாது.

இதற்கு 1928-ஆம் வருஷத்து நிகழ்ச்சியைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. பாரதியார் காலமாகி ஏழு வருஷமாயிற்று. அவருடைய தேசிய கீதங்கள் அடங்கிய புத்தகங்களைப் பர்மா சர்க்கார் ராஜத்துரோகமானவை என்று பறிமுதல் செய்யும்படி உத்தரவிட்டது. ஒரு மாகாணத்தில் பிறந்த உத்தரவு மற்ற மாகாணங்களிலும் செல்லும் என்ற சட்டத்தைத் துணையாகக் கொண்டு சென்னையிலும் போலீசார் பிரதிகளைக் கைப்பற்றினர். தமிழ் தெரியாத ரங்கூன் அதிகாரியின் கையெழுத்தினால் தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டுக்குத் தடை! ஸ்ரீ சத்தியமூர்த்தி அக்டோபர் மாதத்தில் ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவந்தார். வழக்கமான அலுவல்களை நிறுத்திவிட்டு அவசரப் பொதுக் காரியம் ஒன்றை விவாதிக்க வேண்டும் என்பதே ஒத்திவைப்புப் பிரேரணை. அன்று கோட்டையில் நடந்த விவாதத்தில் கட்சி வித்தியாசமின்றிப் பலர் பாரதியாருக்காகப் பேசினர், சர்க்கார் தனித்து நின்றது, பிரேரணை நிறைவேறியது.

இதிலுள்ள வேடிக்கையை நேயர்கள் கவனிக்க வேண்டும். புத்தகத்தை வைத்திருந்தவன் வீட்டில் போலீசார் நுழையலாம். ஆனால் அப்புத்தகத்தைப் பற்றிச் சட்டசபையில் நடந்த விவாதத்தைத் தடை செய்த சர்க்காரே அச்சிட்டுத் தொகுதியாக்கி வைக்கவேண்டியதாயிற்று. எந்தக் காரணத்தால் தடை, யார் யோசனையால் தடை, அதற்கு யார் என்ன சமாதானம் சொன்னார் என்பது பின் சந்ததியாருக்குத் தெரியும்படி ஆயிற்று. தடையுத்தரவுகள் மங்கிப்போன பின்பும் அந்தத் தொகுதி இருக்கிறது.

பதிவேடு என்பது இருமுனைக் கத்தி. ஸ்ரீ சத்தியமூர்த்தியின் கீர்த்தியைப் பாடுவோர் சொல்லாமல் விடும் ஒன்றையும் அதே தொகுதிகள் காட்டிக்கொடுக்கின்றன. புதுக்கோட்டையில் பிறந்த இன்னொருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினராகி, அதன் உபதலைவராகவும் ஆனவர். கோயில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முனைந்தபோது, ஸ்ரீ சத்தியமூர்த்தி பழைய ஆசாரத்தின் பக்கம் நின்று எதிர்த்தார். அந்நியனிடம் அத்தனை கூர்மையாகக் கேள்வி கேட்டவர், தம் சமூகத்தின் வழக்கத்தைக் கேள்வி கேட்கவில்லை. இது அவருடைய வாழ்க்கையில் ஒரு களங்கமே. அதை மூடிவைப்பதில் பயனில்லை. அந்தச் சச்சரவைப் பற்றி மேடைகளில் கதைகள் பலவிதமாக உலாவுகின்றன. அவற்றைச் சொல்லிச் சொல்லி மகிழ்வோரும் உண்டு, மறுத்து மறுத்துக் கோபிப்போரும் உண்டு. இரு சாராரும் தொகுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

சட்ட மறுப்பு இயக்கத்தில் சிறை சென்று திரும்பிய பின், 1934-ஆம் வருஷத்து மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத்தில் ஜஸ்டிஸ் கட்சியின் பிரபல தலைவர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து, 1935-இல் டில்லி சென்றார். ஸ்ரீ புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் தலைவர். ஸ்ரீ சத்தியமூர்த்தி உபதலைவர். எதிர் வரிசையில் நிதி அங்கத்தினர் சர் ஜேம்ஸ் கிரிக், சட்ட அங்கத்தினர் சர் நிருபேந்திர நாத் சர்க்கார் முதலிய சாமர்த்தியசாலிகள். அக்கிராசனர் சர் அப்துர் ரஹீம். அந்தச் சபையில் கேள்வி நேரம் ஸ்ரீ சத்தியமூர்த்தியின் ராஜ்யமாயிற்று. பிறர் கேட்ட கேள்வியானாலும் சரி, அதற்கு வந்த பதிலில் எங்கே ஓட்டை என்று ஒரு நொடியில் கண்டு எழுந்துவிடுவார். ஒன்றின்மேல் ஒன்றாக உபகேள்விகள் வரும். ரயில்வே, ராணுவச் செலவு, கடல் கடந்த இந்தியர் நிலை, அரசியல் கைதிகள், பத்திரிகைகளின் ஜாமீன் என்று அவருக்குப் புறம்பான விஷயமே இல்லை.

அந்தச் சபைக்கு மெய்யான அதிகாரம் இருந்ததா? 1935-இலேயே சபை நிராகரித்த நிதி மசோதாவை வைஸ்ராய் தமது அத்தாட்சியினால் சட்டமாக்கினார். பின் வருஷங்களிலும் அதே கூத்து. எண்ணிக்கையில் ஜயித்தவர்கள் காரியத்தில் தோற்றார்கள். ஆகவே மீதமிருந்தது ஒன்றே: ஏன் செய்கிறீர்கள், எவ்வளவு செலவழிக்கிறீர்கள், யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கேட்டு, பதிலை நாடறியச் செய்வது. மறுநாள் காலையில் சென்னைப் பத்திரிகைகளில் அக்கேள்விகள் வரும். வாசக சாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பர். சபையின் மூல நடவடிக்கை இங்கிலீஷில் இருந்தபடியால், சாமானியனுக்கு அது பூட்டிய பெட்டிதான். அந்தப் பூட்டைத் திறந்தவை தமிழ்ப் பத்திரிகைகள். ஸ்ரீ சத்தியமூர்த்தி டில்லியில் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழ்நாட்டு மேடையில் தமிழில் விளக்குவார். இரண்டும் சேர்ந்தே அவர் வேலை.

இப்படி உலகத்து விஷயமெல்லாம் கேட்டவருக்கு ஒரு வாசல் மட்டும் அடைத்திருந்தது. இந்தியச் சட்டசபை விதிகளின்படி, சுதேச மன்னர்களோடு சர்க்காருக்குள்ள உறவைப் பற்றியோ, எந்தச் சமஸ்தானத்தின் நிர்வாகத்தைப் பற்றியோ கேள்வி கேட்கக் கூடாது. திருமயத்தில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவில் உள்ள இந்தியனின் குறையைக் கேட்கலாம். திருமயத்துக் குடியானவனின் குறையைக் கேட்கக் கூடாது! திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஓர் ஊரில் வரி ஏறினால் சென்னையில் கேட்க ஆளுண்டு. எல்லைக் கல்லைத் தாண்டி அன்னவாசலில் ஏறினால் சென்னையிலும் இல்லை, டில்லியிலும் இல்லை. புதுக்கோட்டைச் சபையில் கேட்கலாமென்றால், அதன் முடிவுகள் தர்பாரைக் கட்டுப்படுத்துவதில்லை. 1931-இல் வரி விதிப்பினால் மூண்ட ஆத்திரம் புதுக்கோட்டை நகரில் கலகமாகவே வெடித்தது. கேட்க இடமில்லாத இடத்தில் கல்லெடுப்பது அதிசயமா?

இன்றைய நிலையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வோம். சுதந்திரம் வந்த பின் கேள்வி நேரம் நின்றது. பார்லிமெண்டில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகையின்மேல் வழக்குத் தொடர முடியாதபடி ஸ்ரீ பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956-இல் ஒரு சட்டம் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அது ரத்தாயிற்று. 1977-இல் மீண்டும் வந்தது. தகவல் பெறுவதற்குத் தமிழ்நாடு 1997-இலேயே தனிச் சட்டம் செய்தது. 2005-இல் இந்தியா முழுவதற்கும் தகவல் பெறும் உரிமைச் சட்டம் ஏற்பட்டது. அந்தச் சட்டத்தின் எட்டாவது பிரிவில், தனிநபர் விவரம் பற்றிய உட்பிரிவையொட்டி ஓர் அருமையான விதி சேர்க்கப்பட்டிருந்தது. பார்லிமெண்டுக்கோ ராஜ்யச் சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனிமனிதனுக்கும் மறுக்கக் கூடாது என்பதே அதன் கருத்து. ஸ்ரீ சத்தியமூர்த்தி சபையில் நின்று கேட்டதை, அன்னவாசல் பேரூராட்சியில் உள்ள ஒரு கடைக்காரர் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம் என்று அதற்கு அர்த்தம். சபை அங்கத்தினருக்கும் சாதாரணப் பிரஜைக்கும் இடையே இருந்த வரப்பை அந்த விதி வெட்டிவிட்டது. 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அவ்விதியை எடுத்துவிட வகை செய்தது. தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு விவாதமில்லை. ஆனால் அந்தரங்கத்தைக் காக்க இந்த ஓர் அளவுகோலை ஏன் பலியிட வேண்டும் என்பதற்குத் திருப்தியான சமாதானம் நமக்கு அகப்படவில்லை. பொதுநலன் மிகுந்தால் வெளியிடலாம் என்ற வேறு ஒரு பிரிவு இருக்கிறதே என்கிறார்கள். அது அதிகாரி எடைபோட்டுப் பார்த்துக் கொடுப்பது. முன்னது பிரஜை உரிமையாகக் கேட்டு வாங்குவது. 1892-ஆம் வருஷத்துக் கேள்விக்கும் 1919-ஆம் வருஷத்து உபகேள்விக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசமும் விளங்கும்.

ஸ்ரீ சத்தியமூர்த்தியின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1936 முதல் 1939 வரை தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தார். 1937-இல் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தபோது அவருக்கு அதில் இடமில்லை. மனத்தில் வருத்தம் இருந்திருக்கலாம். டில்லியில் வேலை குறையவில்லை. 1939-இல் சென்னை மேயரானார். நகரத்தின் குடிநீர்ப் பஞ்சத்தைப் போக்க, யுத்த காலத்தின் இடையூறுகளுக்கிடையே பூண்டி நீர்த்தேக்கத்திற்கு 1940-இல் அஸ்திவாரமிட வைத்தார். அது 1944-இல் முடிந்தபோது அவர் இல்லை. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். உடம்பு முன்போல் இல்லை. 1942 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டிக்குப் போய்த் திரும்புகையில் கைதானார். விசாரணை இல்லை, கேள்வி இல்லை, பதிலும் இல்லை. மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் அவரைப் படுக்கையில் தள்ளியது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1943 மார்ச் 28-ந் தேதி காலமானார். வயது ஐம்பத்தைந்து.

அவர் கேட்ட கேள்விகள் அடங்கிய மத்திய சட்டசபைத் தொகுதிகள் இன்று பார்லிமெண்டு நூலகத்தின் மின்தொகுப்பில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. கேட்பதற்குத் தடையிருந்த சொந்தச் சமஸ்தானம், அவர் மறைந்து ஐந்து வருஷம் கழித்து, 1948 மார்ச் 3-ந் தேதி இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. அன்னவாசல் ரஸ்தாவைப் பற்றியும் திருமயத்துக் கண்மாயைப் பற்றியும் சென்னைச் சட்டசபையில் கேள்வி கேட்கத் தடை நீங்கியது அன்றுதான்.